தொப்பை மிஷினும் நான் எழுதிய எண்களும்

நான் பொய் எழுதினேன்.

அறுபது பேருடைய வயிற்றுக் கொழுப்பின் அளவைப் படிவத்தில் எழுத வேண்டியது என் வேலை. கருவி காட்டியதை மட்டுமே எழுத வேண்டும். நான் எழுதியதோ, கருவி எதைக் காட்டியிருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேனோ அதை! யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் என் கையில் எதையும் திணிக்கவில்லை. நானாகத்தான் எழுதினேன்.

இதை வாசிக்கும் நீங்கள், எண்தானே, அதற்கா இத்தனை புலம்பல் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த எண்களால் நல்ல பெயர் வாங்கிய கருவியை நம்பி ஒரு மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். இன்று அவர் பள்ளத்தூரில் கட்டிலில் கிடக்கிறார். வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்பதற்கு நீங்கள் யார்? மன்னிக்க வேண்டியவரால் வாய் திறக்க முடியாது... அதுதான் என் நிலைமை.

என் பெயர் வசந்தி. ஊர் கோட்டையூர். காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பேன், ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன், ரிப்போர்ட் டைப் செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் சீக்கிரம் வரும். ஆனால் என் கையைக் குறை சொன்னவர் கிடையாது. எலும்பும் தோலுமாக வருகிறவர்களுக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன். அந்தக் கர்வம்தான் எல்லாவற்றுக்கும் விதை என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் டாக்டரிடம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பெல்ட். அதை இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பொத்தானை அழுத்தினால், நமக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய மின்சாரம் வயிற்றின் வழியாக ஓடும். சதை மின்சாரத்தை விட்டுவிடும். கொழுப்பு தடுக்கும். எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து, குடலைச் சுற்றி உள்ளே படிந்திருக்கும் கொழுப்பு எவ்வளவு என்று ஒரு எண்ணைக் காட்டும். நூற்றுக்குக் கீழே என்றால் பச்சை விளக்கு. அதற்கு மேலே மஞ்சள். இன்னும் மேலே போனால் சிவப்பு. அவ்வளவுதான் கருவி. நாங்கள் அதற்குத் தொப்பை மிஷின் என்று பெயர் வைத்தோம்.

வெளியே தெரியும் தொப்பையைவிட உள்ளே இருக்கும் அந்தக் கொழுப்புதான் ஆளைச் சாய்ப்பது. அதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்றால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குச் செலவும் அதிகம், கதிர்வீச்சும் உடம்பில் படும். பெல்ட் சரியாகச் சொல்கிறது என்று நிரூபித்துவிட்டால் ஊர் ஊராக முகாம் போட்டு எல்லாரையும் பார்த்துவிடலாம். எங்கள் டாக்டருக்கு அந்த ஆசை உண்மையாகவே இருந்தது. நல்ல மனிதர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் ஒரு சோதனை ஏற்பாடாயிற்று. கல்லடைப்பு, வயிற்றுவலி என்று எப்படியும் வயிற்றை ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம் சம்மதம் கேட்டு, முதலில் பெல்ட் கட்ட வேண்டும். பிறகு ஸ்கேன். இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று கடைசியில் பார்க்க வேண்டும். பெல்ட் கட்டும் பொறுப்பு என்னுடையது.

படிவத்தில் விதிகள் இருந்தன. வெறும் வயிறாக இருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். மூச்சை விட்டு முடித்த கணத்தில் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுத வேண்டும். அதற்குக் கீழே ஒரு வரி: இடுப்பில் உலோகம் அகற்றப்பட்டதா? ஆம், இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. பெல்ட் கட்டுகிறவருக்கு ஸ்கேன் எண் தெரியக் கூடாது. தெரிந்தால் கை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை டைப் செய்வதும் நான்தான். டாக்டருக்கு அது தோன்றவில்லை. எனக்கு முதல் நாளே தோன்றியது. நான் சொல்லவில்லை... சொன்னால் பெல்ட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் வாரம் ஒரு டீச்சர் வந்தார். பெல்ட் கட்டினேன். தொண்ணூற்றிரண்டு என்றது. மறுபடி அழுத்தினேன், நூற்றுப் பதினெட்டு. மூன்றாவது முறை நூற்றொன்று. அந்த அம்மாள் மூச்சை ஒரு தடவை முழுக்க விட்டார், ஒரு தடவை பாதியில் பிடித்துக்கொண்டார். அதுதான் காரணம். மூன்றையும் அப்படியே எழுதினேன். அந்த ஒரு படிவம் மட்டும், சிறிது நேரத்துக்கு, உண்மையாக இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "ஒரே வயித்துக்கு மூணு நம்பரா? பெல்ட்டை ஒழுங்காத்தான் கட்டுறியா வசந்தி?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டக்கூட இல்லை. எனக்கோ சுருக்கென்று தைத்துவிட்டது. என் கையையா? இத்தனை வருடத்தில் ஒருவர் கேட்காத கேள்வியை இந்தப் பெல்ட் வந்து ஒரே வாரத்தில் கேட்க வைத்துவிட்டதே என்று மிஷின் மேல் ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் அந்த டீச்சரின் ஸ்கேன் ரிப்போர்ட் டைப் செய்ய வந்தது. நூற்று நான்கு. நான் படிவத்தை எடுத்தேன். கிழித்தேன். புதுப் படிவத்தில் நூற்றிரண்டு, நூற்றாறு, நூற்று மூன்று என்று எழுதினேன். மிஷினும் அந்தப் பக்கத்தில்தானே சுற்றிக்கொண்டிருந்தது, நான் கொஞ்சம் நேராக்கி வைத்தேன், அவ்வளவுதானே... இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், பதில் சொல்லாதீர்கள். நல்ல பதிலாகச் சொல்லிவிடுவீர்கள்.

அதற்குப் பிறகு காலையில் பென்சிலால் எழுதுவேன். சாயங்காலம் ரிப்போர்ட் வந்ததும் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதுவேன். எல்லாம் ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்று இரண்டு மூன்றில் கொஞ்சம் விலக்கி எழுதவும் கற்றுக்கொண்டேன். திருட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் கை பழகிவிடுகிறது, பாருங்கள்!

ஆனால் இது சின்னத் திருட்டு. பெரியது அரைஞாணில் வந்தது.

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளின் இடுப்பில் அரைஞாண் இல்லாமல் பார்க்க முடியாது. வசதி இல்லாதவர் கறுப்புக் கயிறு, வசதி உள்ளவர் வெள்ளி. அது இடுப்பை விட்டு இறங்கினால் ஆள் செத்தான் என்று பொருள். கடைசிக் குளிப்பாட்டில்தான் அதை அறுப்பார்கள். சி.டி. ஸ்கேனுக்கு அதைச் சற்றுக் கீழே தள்ளிவிட்டால் போதும், தொப்புளுக்கு நேரே எடுக்கும் படத்தில் விழாது. பெல்ட்டுக்கு அப்படி இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டும்போது வெள்ளியும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கொழுப்புக்குள் புகுந்து கஷ்டப்படுவானேன்? வெள்ளியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். தடையே இல்லை, கொழுப்பே இல்லை என்று மிஷின் நினைத்துக்கொள்ளும்.

வெள்ளி போட்டவராக முதலில் வந்தவர் அமராவதிபுதூரைச் சேர்ந்த ஒரு கொத்தனார். அறுபது வயது இருக்கும். கழற்றச் சொன்னேன்.

"எதை, அரைஞாணையா?" என்று நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, நான் கல்லடைப்புக்கு வைத்தியம் பாக்க வந்தேனா, சாக வந்தேனா? எம் பொண்டாட்டி வெளிய உக்காந்திருக்கா. அவகிட்டப் போயி இதைச் சொல்லிட்டு வாரியா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சரி இருக்கட்டும்யா" என்று பெல்ட்டை அதன் மேலேயே கட்டினேன். படிவத்தில் உலோகம் அகற்றப்பட்டதா என்ற இடத்தில் ஆம் என்று டிக் அடித்தேன். இல்லை என்று போட்டால் அந்த ஆளைச் சோதனையிலிருந்து நீக்க வேண்டும், இன்னொருவரைத் தேட வேண்டும். அன்றிலிருந்து யாரையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஆம்.

அந்தக் கொத்தனாருக்கு மிஷின் அறுபத்தாறு காட்டியது. பச்சை. சாயங்காலம் ஸ்கேன் வந்தது... நூற்று நாற்பத்தெட்டு. நல்ல சிவப்பு.

நான் அந்த இரண்டு எண்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வெள்ளி போட்டு வந்தவருக்கும் அதே கதை. மூன்றாவது ஆளுக்கும் அதேதான். காரணம் எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. முட்டாளுக்குக்கூட விளங்கும்.

கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். இதை என் பக்கம் சொல்ல இருக்கும் ஒரே நியாயமாக எண்ணிக்கொள்வேன், ஆனால் அதிலும் நியாயம் இல்லை. "சிலருக்கு ரொம்பக் கம்மியா காட்டுது சார்" என்றேன்.

"இடுப்பில மெட்டல் எதுவும் இல்லையே மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல சார். எல்லாருக்கும் கழட்டித்தான் பாக்குறேன்."

"அப்படின்னா மிஷின்லதான் ஏதோ பழுது. திருப்பி அனுப்பிடுங்க. சரி பண்ணிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

முதலிலிருந்து... இன்னொரு முறை எல்லாரையும் அழைக்க வேண்டும். பழைய படிவங்களை டாக்டர் எடுத்துப் பார்ப்பார். அந்தக் கொத்தனாரை வரச் சொல்லி, அரைஞாணைக் கழற்றினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "வேண்டாம் சார், நானே மறுபடி கட்டிப் பாக்குறேன்" என்று போனை வைத்தேன். கொத்தனாருக்கு நேராக நூற்று நாற்பத்து நான்கு என்று எழுதினேன். பேனாவால்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

அறுபது பேர் முடிந்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "மிஷினும் ஸ்கேனும் இவ்வளவு ஒத்துப்போகும்னு நான் நெனைக்கவே இல்ல. எல்லாம் உன் கைதான் வசந்தி. சுத்தமான கை" என்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கமா? பயமா? இல்லை. சந்தோஷம்! வெட்கம் கெட்ட சந்தோஷம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன்.

நான் போன பஸ் கருப்பையா அண்ணன் ஓட்டுகிற டவுன் பஸ். காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வழியாகப் பள்ளத்தூர் போகும். ஒன்பது வருடமாக அதில்தான் போய்வருகிறேன். நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்தால் வண்டியை எடுக்க மாட்டார். "கூட்டாளி வருது, ஒரு நிமிஷம் பொறுங்கப்பா" என்பார் கண்டக்டரிடம். பெரிய சரீரம். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். அன்று நான் முன் சீட்டில் உட்கார்ந்து அறிக்கையைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

"அப்ப நம்ம தொப்பையையும் ஒரு நாளு மிஷினு வச்சுப் பாத்துற வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

அந்தச் சந்தர்ப்பம் நான்கு மாதத்தில் வந்தது. முகாம்கள் தொடங்கிவிட்டன. கருவியும் நானும் ஊர் ஊராகப் போனோம். பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் முகாம். வாசலில் நான் பெல்ட்டோடு நிற்பேன். மஞ்சளோ சிவப்போ எரிந்தால் ஒரு டோக்கன் கொடுப்பேன், அவர்கள் உள்ளே போய் டாக்டரிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வார்கள். பச்சை எரிந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஒரே டாக்டர், இருநூறு பேர்... எல்லாரையும் உள்ளே விட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. பச்சைக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தது என் எண்களால்தான்.

கருப்பையா அண்ணனை அவர் மனைவி ராக்கு அக்கா இழுத்துக்கொண்டு வந்தார். அவரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு.

"நல்லாப் பாரு ஆத்தா. ரெண்டு மாசமாப் பின்னந்தலை கனக்குது கனக்குதுங்குறாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா காத்துப்பட்டதுன்னு தைலத்தைத் தேச்சுக்கிட்டுப் படுத்துக்கிறாக. நீ சொன்னாத்தான் கேப்பாக."

"சிவப்பு எரிஞ்சா நாளைக்கே வண்டியைவிட்டு எறக்கிப்புடுவாக. பாத்துக் கட்டு ஆத்தா" என்றார் அண்ணன் மெல்ல. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பயம் இருந்தது. எனக்குத் தெரிந்தது.

சட்டையைத் தூக்கினார். வயிற்றின் மடிப்புக்குக் கீழே வெள்ளி பளிச்சென்று இருந்தது.

"வெள்ளியா போட்டிருக்கீக அண்ணே?" என்றேன்.

"ஆமா. கலியாணத்துக்கு மாமனார் போட்டது. ஏன்?"

ஏன்... அந்தக் கேள்வி எவ்வளவு எளிமையானது! கழற்றாவிட்டால் தப்பாகக் காட்டும் அண்ணே என்று ஒரு வாக்கியம். ஆனால் அன்று எனக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்களுக்குக் கருவியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வெள்ளி போட்ட எத்தனையோ பேரை நான் வாய் திறக்காமல் அளந்து அனுப்பியிருந்தேன். இவரிடம் மட்டும் சொன்னால் அவர்களுக்கெல்லாம் என்ன பதில்? அறுபது படிவத்துக்கு என்ன பதில்?

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா கேட்டேன்" என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

எழுபத்து நான்கு. பச்சை எரிந்தது.

அந்த வயிற்றைப் பார்த்த யாருக்கும் தெரியும், அது எழுபத்து நான்கு இல்லை. அண்ணன் இரண்டு கையையும் தூக்கி வரிசையைப் பார்த்து ஆட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். ராக்கு அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாவே ஒண்ணுமில்லையா ஆத்தா? உள்ள டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

ஒரு டோக்கன். மேஜை மேல் கட்டாக இருந்தது. ஒன்றை உருவிக் கொடுத்திருந்தால் போதும். கருவியும் பிழைத்திருக்கும், நானும் பிழைத்திருப்பேன், அவரும் பிழைத்திருப்பார். அது அப்போது என் மூளையில் உதிக்கவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். "பச்சைதாங்க்கா, பயப்படாதீக" என்றேன். அவர்கள் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் வேறு டிரைவர் இருந்தார். கண்டக்டரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழம சாப்புட்டுட்டு எந்திரிச்சவரு அப்படியே விழுந்துட்டாரு. மதுரைக்குக் கொண்டுபோயிருக்காக. பிரஷர் எக்கச்சக்கமா இருந்துச்சாம், அவருக்கே தெரியாதாம்" என்றார். டிக்கெட் கொடுத்துக்கொண்டே சொன்னார். நான் சில்லறை வாங்கவில்லை.

அன்று டாக்டரின் அறைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக.

"டாக்டர், வெள்ளி அரைஞாண் போட்டிருந்தா மிஷின் தப்பாக் காட்டுதுன்னு தோணுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதான் கழட்டச் சொல்லி ரூல் இருக்கே. டெஸ்ட்ல அறுபது பேருக்கும் நீ கழட்டித்தானே பாத்த?"

என் கண் மேஜை மேல் இருந்த அறிக்கைக்குப் போயிற்று.

"பாத்ததானே வசந்தி?"

அவர் குரலில் ஏதோ மாறியது. என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவரும் பயந்துவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அறிக்கை அவர் பெயரில் போயிருக்கிறது. கருவி எத்தனையோ ஊருக்குப் போய்விட்டது. நான் இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று அவர் கண்ணும் கெஞ்சிற்று. அல்லது அது என் கற்பனையா... எனக்குத் தெரியவில்லை.

"ஆமா டாக்டர். முகாம்லதான் யாரும் கழட்டுறதில்ல" என்றேன்.

"அப்ப ஒரு போர்டு எழுதி மாட்டிடு" என்று குனிந்துகொண்டார்.

போர்டு எழுதினேன். உலோகப் பொருட்களை அகற்றவும். பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு முகாமிலும் மாட்டுகிறேன். ஜனங்கள் அதைப் படித்துவிட்டு வாட்சைக் கழற்றுகிறார்கள், சாவிக்கொத்தை எடுத்து வைக்கிறார்கள். அரைஞாணை உலோகம் என்று யார் நினைப்பார்கள்? அது உடம்பின் ஓர் உறுப்பு. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சில சமயம் காரணமில்லாமல் ஒரு டோக்கனைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுகிறேன். எத்தனை பேரை அப்படி அனுப்ப முடியும்? டாக்டர் ஏற்கனவே கேட்டுவிட்டார், பச்சை எரிந்தவர்கள் ஏன் உள்ளே வருகிறார்கள் என்று.

அண்ணனை மதுரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் எவ்வளவு தூரம்? ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

ராக்கு அக்கா என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வா ஆத்தா வா. இங்குட்டு உக்காரு. இவுக பஸ்ஸுக்கூட்டாளி நீதான, உன்னையப் பாத்தா மனசு தெளிஞ்சுருவாக" என்றார். அண்ணன் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். அந்தப் பெரிய உடம்பு பாதியாகியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் அவருடையதாக இருந்தது. அது என் மேல் நின்றது.

அக்கா ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். தலைக்கு ஏதோ பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும், உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது என்றார்களாம்.

"அரைஞாணைக் கழட்டணும்னாக. நர்சுப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. நான் சொன்னேன், இதுக்கு எதுக்குத்தா தயக்கம், கீழ கடையில ஒரு கறுப்புக் கயிறு வாங்கிட்டு வான்னு. கயித்தை மொதல்ல கட்டிட்டு வெள்ளியைக் கழட்டிட்டேன். இடுப்பு ஒரு நிமிஷம் வெறுமனே இருக்கலையே. ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டா என்ன தோசம்?"

இது எனக்குத் தெரியாததா? என் அப்பா அரைஞாண் மாற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்பார். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு கறுப்புக் கயிற்றுக் கண்டு வாங்கி மேஜையில் வைத்திருந்தால் அந்தக் கொத்தனாரும் சம்மதித்திருப்பார். ஆளுக்கு இரண்டு நிமிடம். எவனோ வெளியூர்க்காரன் எழுதிய படிவத்தை இந்த ஊர்க்காரி ஒருத்தி கையில் கொடுத்தது அதற்குத்தானே? இந்த ஊர்க்காரிக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு முன்னால் டிக் அடித்துவிட்டாள்.

அக்கா சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் ஆத்தா. நீ படிச்ச பிள்ளை, மறைக்காமச் சொல்லு. அன்னிக்கு மிஷினு வச்சப்பப் பச்சைதான எரிஞ்சுச்சு?"

"ஆமாக்கா."

"அப்ப அன்னிக்கு இவுக உடம்பு நல்லாத்தான இருந்திருக்கு? மூணு மாசத்துல இப்புடி ஆச்சுன்னா... அது நான் ஆக்கிப்போட்டதுதான? பச்சைங்குற சந்தோசத்துல ஞாயித்துக்கெழம கறி, புதன்கெழம கோழி, தெனம் ஏதாச்சும் எண்ணெயில பொறிச்சது. தலை கனக்குதுன்னு டூட்டிக்குப் போகாம உக்காந்தாக ஒரு நாளு. மிஷினே ஒண்ணுமில்லேன்னுருச்சு, கெளம்புங்கன்னு நாந்தான் வெரட்டிவிட்டேன். எங் கையாலதான் இப்புடி ஆச்சா ஆத்தா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. ஒரே ஒரு பெண், ஒரு கட்டில், கேள்வியும் தயாராக இருக்கிறது. இல்லையக்கா, மிஷின் பொய் சொன்னது, அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான் என்று சொல்லிவிட வேண்டியதுதான். கட்டிலில் கிடந்தவர் என்னையே பார்த்தார். வெள்ளியா என்று நான் கேட்டதும், சும்மா கேட்டேன் என்று சொன்னதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நினைவிருக்கிறதோ இல்லையோ... தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அக்கா துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எண்ணெயைக் கொஞ்சம் கொறச்சிருக்கலாங்க்கா."

அவர் அழவில்லை. சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "காப்பி போடட்டுமா?" என்று எழுந்து போனார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் ராக்கு அக்கா தன் வாயாலேயே சொல்கிறாராம். "மிஷினு வச்ச பிள்ளையே சொல்லீருச்சு, எங் கைதான் இவுகளைச் சாச்சதுன்னு." அண்ணனின் தங்கைகள் இப்போது அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அண்ணனுக்கு மட்டும் பக்கத்து வீட்டில் சமைத்து வருகிறது. அடுப்பில் கைவைக்க அக்காவுக்குப் பயமாம்.

நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.